டைப்பிஸ்டம்மாவின் இடது கை

"சும்மா கிடைக்கிற இந்தச் சிஸ்டத்தை, கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணுமே தெரியாத எங்க அம்மா வீட்டுல வெச்சுப் புழங்க முடியுமா?"

ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து எழுந்த ஒரு பெண் கேட்ட கேள்வி இது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த புதிதில், கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் என்கிற அந்த இலவசச் சிஸ்டத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிந்த எனக்கு, அன்று 'முடியும்' என்றும் சொல்ல வரவில்லை, 'முடியாது' என்றும் சொல்ல வரவில்லை. இன்று யாராவது கேட்டால் எங்கள் தெரு டிரைவர் வீட்டில் நடந்ததைச் சொல்வேன். அவர்கள் வாயால் நான் கேட்டதுதான் இது. வாயால் என்று சொன்னேன். அந்த வீட்டில் பாதிப் பேச்சு வாயால் நடப்பதில்லை. கதையே அதுதான்.

டிரைவர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை நகரப் பேருந்து ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் டிரைவர்தான். அடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. முன்னறை ஜன்னலைத் திறந்தால் நேரே பேருந்து நிறுத்தம். வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்டே, "புதுப் பையன். கிளட்ச் உயிரை வாங்குறான்" என்று உள்ளே இருந்தபடி தீர்ப்பு சொல்லிவிடுவார்.

அவர் மனைவியைத் தெரு டைப்பிஸ்டம்மா என்று கூப்பிடும். ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கை வேகத்தைவிட வாய் வேகம் அதிகம் என்று அலுவலகத்தில் பேர் வாங்கியவர். குழாயடியில் அவர் பேச்சுக் கொடுத்தால் குடம் நிரம்பி வழிந்தாலும் யாரும் நகர மாட்டார்கள்.

அப்படிப்பட்டவரின் பேச்சுத்தான் ஒரு காலையில் நின்றுபோனது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை.

"பயப்படாதீங்க, புத்தி தெளிவா இருக்கு" என்றார் டாக்டர். "சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே அப்படியே இருக்கு. வாய்க்குத்தான் வளையத் தெரியல. ஆனா ஒண்ணு, இன்னொரு தடவை வரலாம். திடீர்னு குழப்பமா ஏதாவது தெரிஞ்சா ஒரு நிமிஷம்கூட வெச்சிருக்காம கூட்டிட்டு வந்துடுங்க."

அந்தக் கடைசி வரி டிரைவரின் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த சில நாளில் டைப்பிஸ்டம்மா இடது கையை நீட்டி மூலையில் துணி போர்த்தியிருந்த ஒன்றைக் காட்டினார். ஓய்வு பெற்றபோது அலுவலகம் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் அது. அவர் மேல் இருந்த பாசத்தில் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். டிரைவர் அதை ஜன்னலோர மேசையில் வைத்து இணைத்தார். டைப்பிஸ்டம்மா உட்கார்ந்தார். இடது கை மட்டும் விசைப்பலகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. திரையில் எழுத்து வந்தது.

"கண்ணாடியைத் துடைச்சுப் போடுங்க. பார்க்கிற எனக்கே மங்கலாத் தெரியுது."

டிரைவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார், பிறகு எது சிரிப்பு எது அழுகை என்று அவருக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்த மேசைதான் அவர்கள் குடும்பம் நடத்தும் இடம். கூப்பிட வேண்டுமானால் டைப்பிஸ்டம்மா கரண்டியால் கோப்பையைத் தட்டுவார். டிரைவர் வந்து குனிந்து படிப்பார். பழைய அலுவலக வழக்கம் விடாமல் சில நாள் காலையிலேயே திரையில் ஓர் ஓலை காத்திருக்கும்: "பொருள்: இன்றைய தேநீரில் சர்க்கரை அறவே இல்லாமை தொடர்பாக." டிரைவர் விறைப்பாக நின்று சல்யூட் வைத்துவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் தேடிப் போவார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த விசைப்பலகையில் தமிழ் எழுத்தே கிடையாது. கட்டைகளின் மேல் அச்சடித்திருந்தது எல்லாம் ஆங்கிலம். எந்தக் கட்டைக்கு அடியில் எந்தத் தமிழ் எழுத்து ஒளிந்திருக்கிறது என்பது டைப்பிஸ்டம்மாவின் விரல்களுக்கு மட்டும்தான் தெரியும். தட்டச்சுப் பள்ளியில் கட்டைகளை மூடிவைத்துக் கற்றுக்கொடுத்த கை அது. கண் திரையில் இருக்கும், கை தன் பாட்டுக்குப் போகும். அப்படியில்லாமல் வேறு மாதிரியும் தமிழ் அடிக்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி, கட்டையைத் தட்டினால் தமிழ் வரும். அவ்வளவுதான்.

ஆனால் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. திறந்தால் தூக்கம் கலைய அரை மணி எடுத்துக்கொண்டது. நடுநடுவே சிவப்பு எழுத்தில் ஏதோ குதித்து, உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று மிரட்டியது. டிரைவர் ஒருமுறை நிஜமாகவே பேசப் போனார். டைப்பிஸ்டம்மா கரண்டியை எடுத்து அவர் கையிலேயே தட்டி நிறுத்தினார். எல்லாவற்றையும்விட மோசம், அது சொல்லாமல் கொள்ளாமல் தானே அணைந்து தானே எழும்பும். டைப்பிஸ்டம்மா நீளமாக ஏதாவது திட்ட ஆரம்பித்து, பாதி வந்திருக்கும், திரை கறுத்துவிடும்.

"பார்த்தியா, மெஷின் என் கட்சி" என்பார் டிரைவர். டைப்பிஸ்டம்மாவின் கண்ணில் பொறி பறக்கும்.

மகன் வேறு ஊரில் வேலை பார்த்தான். ஷிப்ட் வேலை, வருவது அபூர்வம். மருமகள்தான் விடுமுறை கிடைத்தால் ஓடி வருவாள். அந்த முறை வந்தவள் கம்ப்யூட்டர் பண்ணும் கூத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இதுக்கு மேல இதுல இருக்கிற சிஸ்டத்தைச் செஞ்ச கம்பெனிக்காரங்க இந்த மெஷினைக் கவனிக்க மாட்டாங்க. புது மெஷின் வாங்குங்கன்னு சொல்வாங்க. மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான் லினக்ஸ் போட்டுத் தரேன்."

"எவ்வளவு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. சும்மாதான்."

டிரைவர் புருவத்தைத் தூக்கினார். "சும்மா தராங்கன்னா எங்கயோ இடிக்குதே."

"மாமா, நீங்க பஸ் ஓட்டும்போது, ரோடு தெரியாத டிரைவர் வழி கேட்டா காசு வாங்கிட்டா சொன்னீங்க?"

"அது வேற."

"அதேதான். தெரிஞ்சவங்க சேர்ந்து எழுதி எல்லாருக்கும் கொடுத்துடறாங்க. உட்காருங்க, காட்டறேன்."

டைப்பிஸ்டம்மா எழுதி வைத்திருந்ததையும் படங்களையும் முதலில் ஒரு சின்னப் பென்டிரைவில் பத்திரப்படுத்தினாள். பிறகு சிஸ்டத்தை ஏற்றினாள். அது ஓடி முடிவதற்குள் ஒரு தேநீர்கூட ஆறவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினாள். திரையில் வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்டு நாலு படத்தை மட்டும் விட்டாள்: எழுத, பாட்டுக் கேட்க, வீடியோவில் பேச, படம் பார்க்க. டிரைவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தொட்டால் வராது, சுட்டியால் அழுத்த வேண்டும் என்று அவள் சிரித்தாள். தமிழ் வருகிறதா என்று பார்க்க 'அம்மா' என்று அடித்தாள், வந்தது. 'அத்தை' என்று அடித்தாள், அதுவும் வந்தது. அப்போது டைப்பிஸ்டம்மா உள்ளறையில் மாத்திரை போட்ட அசதியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லாமல் மருமகள் அவர் போர்வையைச் சரி செய்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் காலை டைப்பிஸ்டம்மா மேசைக்கு வந்தார். பொத்தானை அழுத்தினார். திரை உடனே வெளிச்சம் காட்டியது. அவர் முகமும்தான். இடது கையைக் கட்டைகளின் மேல் வைத்து ஒரு வரி அடித்தார்.

டிரைவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து குனிந்தார். திரையில் இருந்தது: "ஜ்க்;ஹ்ல் ம்க்;க்ஹ்".

"என்னம்மா இது?"

டைப்பிஸ்டம்மா அழித்தார். மறுபடி அடித்தார். இன்னும் நீளமாக அதே மாதிரி ஒரு குப்பை. மறுபடி அழித்தார். அவர் கண் திரையிலிருந்து இறங்கித் தன் கைக்கு வந்தது. அந்தக் கையை யாரோ வேறொருவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

டாக்டர் சொன்ன கடைசி வரி டிரைவரின் நெஞ்சில் திரும்பியது. கட்டின லுங்கியோடு சாலைக்கு ஓடி டாக்சியை மறித்தார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒழுங்காகவே பார்த்தார்கள். தலையைப் படம் எடுத்தார்கள். கேள்வி கேட்டார்கள், டைப்பிஸ்டம்மா ஆமாம், இல்லை என்று சரியாகவே தலையசைத்தார். பேனாவைக் கொடுத்தார்கள். பழக்கமில்லாத இடது கை, அதிலும் நடுக்கம். தாளில் வந்தது கோடுதான், எழுத்து இல்லை.

"படத்துல புதுசா எதுவும் தெரியல" என்றார் டாக்டர். "கேட்கறது எல்லாம் புரியுது. ஆனா எழுத்துக்குன்னு மூளையில தனி இடம் உண்டு. ரொம்பச் சின்ன பாதிப்புன்னா படத்துல சில சமயம் தப்பிடும். வீட்டுல வெச்சுக் கவனிங்க. நேத்து வரைக்கும் நல்லா எழுதினாங்களா?"

"நேத்து இல்ல டாக்டர், முந்தாநாள் வரைக்கும். என்னைத் திட்டித்தான் எழுதினாங்க. ஒரு எழுத்துப் பிழை இருக்காது."

கம்ப்யூட்டரில் சிஸ்டத்தை மாற்றினோம் என்று டாக்டரிடம் சொல்ல டிரைவருக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. மருமகள் 'அம்மா' என்று அடித்தபோது 'அம்மா' வந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

வீடு திரும்பியதும் டைப்பிஸ்டம்மா துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அதன் பிறகு டிரைவரே மாறிப் போனார். மனைவியிடம் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "சாப்பிடு. சோறு. இது சோறு." ஸ்பூனால் எடுத்து வாயருகே கொண்டுபோனார். இடது கையால் தானே சாப்பிடத் தெரிந்த டைப்பிஸ்டம்மா, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். எதிர்க்கவில்லை. அதுதான் டிரைவரை இன்னும் கலங்கடித்தது. கரண்டிச் சத்தம் கேட்காத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. காரணமில்லாமல் பாத்திரத்தை மாற்றி மாற்றிக் கழுவினார்.

மகன் போனில் வந்தான். டிரைவருக்குப் போனைக் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போடுவார்.

"அப்பா, யோசிச்சுப் பாருங்க. உங்களால தனியா எவ்வளவு நாள் முடியும்? பேச்சும் இல்ல, இப்ப எழுத்தும் இல்ல. அவங்களுக்கு என்ன வேணும்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? நர்ஸ் வெச்சுப் பார்த்துக்கற இடம் ஒண்ணு விசாரிச்சு வெச்சிருக்கேன். நல்ல இடம்பா. ஞாயித்துக்கிழமை வரேன், போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

"அவளை அங்க விட்டுட்டு நான் இங்க என்னடா பண்ணுவேன்?"

"நீங்க எங்ககூட வந்துடுங்க. வாரா வாரம் போய்ப் பார்க்கலாம்."

டிரைவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த 'ஜ்க்;ஹ்ல்' கண்முன் வந்து நின்றது.

"யோசிக்கிறேன்" என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். டைப்பிஸ்டம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கிளட்ச் கத்தியது. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். டிரைவர் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். முன்னறையில் கோப்பை சத்தம் கேட்டது. டங், டங், டங். ரொம்ப நாள் கழித்துக் கேட்ட சத்தம். கையைத் துடைக்காமல் ஓடினார்.

துண்டு கீழே கிடந்தது. டைப்பிஸ்டம்மா அடித்துக்கொண்டிருந்தார். திரையில் வரிசையாக:

"அஸ்ட்ஃப்
அஸ்ட்ஃப்
அஸ்ட்ஃப்"

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தார். "போதும்மா. வேணாம். கஷ்டப்படுத்திக்காதே."

டைப்பிஸ்டம்மா கையை உதறினார். ஒரு கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று டிரைவர் எதிர்பார்க்கவில்லை. அவர் திரையில் முதல் வரியைத் தொட்டார். இரண்டாவது வரியைத் தொட்டார். மூன்றாவதைத் தொட்டார். பிறகு டிரைவரை உற்றுப் பார்த்தார். வகுப்பில் மக்குப் பையனைப் பார்க்கிற பார்வை.

"மூணும் ஒண்ணுதான். அதுக்கென்ன?"

டைப்பிஸ்டம்மா பெருமூச்சு விட்டார். டிரைவரின் முழங்கையைப் பிடித்து இழுத்து மேசைமேல் போட்டார். அந்தக் கையின்மேல் தன் இடது கை விரல்களை வைத்தார். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல். ஒவ்வொன்றாகத் தட்டினார். மறுபடி தட்டினார். மறுபடியும்.

கல்யாணமான புதிதில் டைப்பிஸ்டம்மா மேல்நிலைத் தட்டச்சுப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். வீட்டில் மெஷின் கிடையாது. டிப்போவிலிருந்து வந்து குப்புறப் படுத்திருக்கும் புருஷன் முதுகுதான் மெஷின். 'சும்மா இரும்மா, கூசுது' என்று அவர் நெளிவார். 'அசையாதீங்க, வரி தப்பிடும்' என்று டைப்பிஸ்டம்மா அதட்டுவார். தமிழ்த் தட்டச்சு கற்றவர்கள் எல்லோரும் முதல் நாள் முதல் வரியாக அடிப்பது இடது கையின் இந்த நாலு விரல் எழுத்துகளைத்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல் அதைச் சொல்லும்.

"யளனக" என்றார் டிரைவர்.

டைப்பிஸ்டம்மா தலையை வேகமாக ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது. கையைத் தூக்கிக் கட்டைகளின் மேல் வைத்து, அவர் பார்க்கப் பார்க்க, அதே நாலு விரலால் அதே வரிசையில் தட்டினார். திரையில் மறுபடி 'அஸ்ட்ஃப்' வந்தது.

டிரைவர் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கை சொல்வது யளனக. திரை காட்டுவது வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே வேறு. புத்தி குழம்பியவள் எப்படி இவ்வளவு ஒழுங்காகக் குழம்புவாள்?

அப்போதுதான் அவருக்கு அந்தப் புது வண்டி ஞாபகம் வந்தது. ஒரு சமயம் டிப்போவில் புதுப் பேருந்துகளை இறக்கினார்கள். அதில் இண்டிகேட்டர் போடும் குச்சி ஸ்டியரிங்கின் மறுபக்கத்தில் இருந்தது. பழைய வண்டியில் அந்த இடத்தில் வைப்பர் இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் டிரைவர் இண்டிகேட்டர் போடுவார், வைப்பர் இரண்டும் எழுந்து கண்ணாடியில் சரக் சரக்கென்று ஆடும். 'என்னண்ணே, முன் சீட்டுல மட்டும் மழையா?' என்று பயணிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்டக்டர் வேறு குடை கொண்டுவரட்டுமா என்று கேட்டான். அன்று கை சரியாகத்தான் போனது. வண்டிதான் மாறியிருந்தது.

"ஏம்மா" என்றார் டிரைவர். "இது வைப்பர்! நீ இண்டிகேட்டர்தான் போடற. அது வைப்பரை ஆட்டுது! உனக்கு ஒண்ணும் இல்லம்மா. வண்டியை மாத்திட்டாங்க!"

டைப்பிஸ்டம்மா தலையை மேசைமேல் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. டிரைவர் முதுகைத் தடவிக்கொண்டே மறு கையால் போனைத் தேடினார்.

மருமகள் எடுத்தாள். டிரைவர் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன் மாமா." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நான் போன்ல அடிக்கிற மாதிரியே அதுலயும் வெச்சுட்டேன். ஆங்கிலத்துல ஓசையை அடிச்சா தமிழ் வரும். அத்தை டைப்ரைட்டர் முறையில அடிக்கறாங்கன்னு தோணவே இல்ல. ஐயோ, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போயிட்டு… அத்தை பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா. அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப என்ன பண்ணணும் சொல்லு."

"சரி. திரைல மேல வலது மூலைல அழுத்துங்க."

"என் வலதா, அதோட வலதா?"

"மாமா!"

"கேட்டுக்கறது நல்லதுதானே. அழுத்திட்டேன். ஒரு பெட்டி விழுந்துது."

"அதுல பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும்."

"இருக்கு. கியர் பாக்ஸ்."

"அதேதான். உள்ள போங்க. விசைப்பலகைன்னு இருக்கும். அதுக்குள்ள ஒரு கூட்டல் குறி. அழுத்தினா மொழிப் பேரெல்லாம் வரும்."

டிரைவர் சுட்டியை உருட்டினார். அது ஓடிப்போய்த் திரை ஓரத்தில் ஒளிந்துகொண்டது. தேடிப் பிடித்தார். எதையோ அழுத்தப் போய்த் திரை முழுக்க மலை, ஏரி என்று படமாக வந்தது. "இயற்கை வந்துடுச்சு" என்று அறிவித்தார். மருமகள் திரும்பி வரும் வழியைச் சொன்னாள். இந்த இடத்தில் வேறு யாராவது என்றால் கைவிட்டிருப்பார்கள் என்று டிரைவரே பிறகு ஒத்துக்கொண்டார். போனில் ஆள் இல்லாவிட்டால் அவராலும் முடிந்திருக்காது.

"தமிழ்னு வந்துடுச்சு. ஆனா ஒண்ணுக்கு மேல இருக்கே. இத்தனை தமிழா?"

"தமிழ் ஒண்ணுதான் மாமா. அடிக்கற வழிதான் பல. ஒவ்வொண்ணா படிங்க…"

டிரைவர் அதற்குள் முதலில் இருந்ததை அழுத்திவிட்டார். டைப்பிஸ்டம்மா நாலு விரலால் தட்டினார். 'அஇஉ' என்று ஏதோ வந்தது. உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்ததை அழுத்தினார். தட்டினார். அதுவும் இல்லை.

"டைப்ரைட்டர்னு ஏதாவது பேர் இருக்கா பாருங்க மாமா."

"இருக்கே. கடைசியில."

"அதுதான்!"

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"படிங்கன்னுதான் சொன்னேன், நீங்கதான் பஸ் மாதிரி கிளம்பிட்டீங்க."

டிரைவர் அழுத்தினார். டைப்பிஸ்டம்மா உடனே தட்டவில்லை. கையை மடியில் வைத்து விரல்களை மடக்கி நீட்டினார். பிறகு கட்டைகளின் மேல் வைத்தார். சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல். ஆள்காட்டி விரல்.

"யளனக."

டைப்பிஸ்டம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கை நடக்க ஆரம்பித்தது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், பழைய வேகத்தில்.

"குழாயை மூடுங்க."

"ஐயோ!" என்று டிரைவர் எழுந்து ஓடினார். சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். துடைப்பத்தால் தள்ளிவிட்டு, ஈரக் காலோடு அவர் திரும்பி வந்தபோது திரை நிறைந்திருந்தது.

"நான் செவிடு இல்லை. கத்திப் பேச வேண்டாம். சோற்றைக் காட்டி சோறு என்று சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். உப்பு எத்தனை நாளாகப் போடவில்லை தெரியுமா? முதலில் எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது. கை நம்மை விட்டுப் போனால் அடுத்து மனசும் போய்விடும் என்று பயந்தேன். இன்றைக்குக் காலையில் எழுந்ததும் மனசுக்குள்ளேயே என் பேர், உங்கள் பேர், பையன் பேர், அலுவலக விலாசம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அப்புறம்தான் துண்டை எடுத்தேன். யோசிக்கிறேன் என்று அவனிடம் சொன்னீர்களே, அது கேட்டது."

டிரைவர் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பயந்துட்டேன்மா" என்றார். "உனக்கு என்ன வேணும்னு தெரியாம நான் ஏதாவது தப்பாப் பண்ணி, நீ சொல்லவும் முடியாம… அதுக்குத்தான் பயந்தேன்."

டைப்பிஸ்டம்மா அடித்தார். "தெரியும். மூக்கைத் துடைங்க."

போனில் மருமகள் கேட்டாள்: "மாமா, அத்தைகிட்ட கேளுங்க. அவங்களுக்கு இது வேணாம்னா பழசையே போட்டுத் தந்துடறேன். எதுவா இருந்தாலும் சரி."

டைப்பிஸ்டம்மா எழுதியதை டிரைவர் உரக்கப் படித்தார். "பழசு வேண்டாம். இது கூப்பிட்ட உடனே எழுந்திரிக்கிறது. சிவப்பு எழுத்தில் மிரட்டுவதில்லை. ஆனால் நீ அடுத்த முறை எதை மாற்றினாலும், என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஒரு வரி அடிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பஸ் ஏறு."

"சத்தியமா அத்தை" என்றாள் அவள். இந்த முறை அழுகையை வெளியே விட்டுவிட்டாள்.

மறுநாள் மகன் வந்தான். மனைவி போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். ஆனாலும் அவன் சட்டைப்பையில் அந்த இடத்தின் முகவரி இருந்தது. கம்ப்யூட்டர் சரியானது சரி, அப்பாவுக்கும் வயதாகிறதே என்பது அவன் கவலை. அதில் தப்பில்லை. அம்மா முன்னால் குந்தி உட்கார்ந்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "அம்மா. ஒரு இடம். சும்மா. பார்த்துட்டு. வரலாம்."

டிரைவர் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டினார். கத்தாதே என்று அர்த்தம். அவன் கவனிக்கவில்லை.

டைப்பிஸ்டம்மா நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டு அடித்தார். "அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறதா?"

மகன் எழுந்து வந்து படித்தான். "தெரியலம்மா. கேட்கல."

"இருந்தால் அதில் என் கை அடிக்கிற மாதிரி தமிழ் வருமா?"

"அது… தெரியாதும்மா."

"வராவிட்டால் யார் மாற்றித் தருவார்கள்?"

மகன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.

டைப்பிஸ்டம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல் அடித்தார். "இந்த வாரம் முழுக்க நான் ஊமையாக இருந்து பார்த்துவிட்டேன். வாய் போனபோதுகூட நான் ஊமையாகவில்லை. இந்த மேசையில் நான் ஊமை இல்லை. உன் அப்பாவுக்கு முடியாமல் போகும் நாளில் நானே உனக்கு எழுதுகிறேன். அவர் சொல்ல மாட்டார். நான் எழுதுவேன்."

மகன் அதைப் படித்தான். மறுபடி படித்தான். சட்டைப்பையில் இருந்த தாளை அவன் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பக்கவாதம் வந்த பிறகு அம்மாவோடு அவன் பேசியதெல்லாம் அப்பாவின் வழியாகப் போனில்தான். அம்மா எழுத எழுதப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தது அன்றுதான் முதல் தடவை.

"சரிம்மா" என்றான், சாதாரணக் குரலில். "வேற என்ன விசேஷம்? சொல்லு."

டைப்பிஸ்டம்மா சொல்ல ஆரம்பித்தார். அவன் திரும்பிப் போக வேண்டிய பேருந்து ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, போய், அடுத்ததும் வந்து போனது. டிரைவர் எட்டிப் பார்த்து, அடுத்த வண்டி எப்போது என்று சொல்லப் போனவர், சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

அடிப்பதைத் தவிரக் கம்ப்யூட்டரைப் பற்றி வேறெதுவும் தெரியாதவர்கள் வீட்டில் அந்தச் சிஸ்டம் இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் புழங்க முடியுமா என்பதற்கு என் பதில் அந்த வீடுதான். முடிகிறது. ஆனால் ஏற்றிக் கொடுக்கிறவர் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், தன் கையால் அடித்துப் பார்த்தால் போதாது, புழங்கப் போகிறவர் கையால் அடித்துப் பார்க்க வேண்டும். இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரிந்து யாராவது தன் அம்மாவுக்கோ மாமனாருக்கோ கம்ப்யூட்டரைச் சரி செய்துகொடுக்கப் போகிறார் என்றால், அவர் கிளம்புவதற்குள் இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.